முற்றம் கூட்டிய ஆசான்

உலகின் பெருநகரங்கள் பலவற்றில், மாலை வேளைகளில், உடற்பயிற்சி மண்டபங்களுள் வெண்ணிற உடை தரித்த சிறுவர் சிறுமியர் வரிசையாக அமர்ந்து, முன்னே வைக்கப்பட்டுள்ள ஒரு முதியவரின் படத்தை நோக்கித் தலை தாழ்த்தி வணங்குவதைக் காணலாம். அவ்வாறு வணங்குவோருள் எம்மவர் பிள்ளைகளும் உளர். வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் பெற்றோர், அப்படத்திலுள்ளவர் யாரென வினவுவது அரிது. மெலிந்த மேனியும் அமைதியான முகமும் கொண்ட அம்முதியவர் போர்வீரர் அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர். பெயர் கிச்சின் ஃபுனாகோஷி. கராத்தேயை உலகறியச் செய்த பெருமை பலரைச் சாரும் எனினும், அதனை யப்பானின் தலைநகரில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் அவரே.

அவரை யப்பானியர் என்றே உலகம் அறியும். ஆனால் அவர் பிறந்த காலத்தில் அவரது தாயகம், தனக்கென மன்னனும் மொழியும் வழக்காறுகளும் கொண்ட ஓர் அரசாக இருந்தது. அவ்வரசு அவரது பத்தாவது வயதில் மறைந்தது. தமது 53ஆவது வயதில் ஒரு கண்காட்சிக்காக ரோக்கியோ சென்றவர், விரைவில் ஊர் திரும்பலாம் என்றே எண்ணினார். அதன்பின் அவரது வாழ்வின் 35 ஆண்டுகள் ஊருக்கு வெளியே கழிந்தன. சிறியதொரு மக்கட் கூட்டத்தின் கலையைப் பெரியதொரு நாட்டின் தலைநகரில் நிலைநிறுத்த முயன்ற அவர், அதற்காக எவற்றைக் கைவிட்டார், எவற்றைக் கடைசிவரை கைவிடவில்லை என்பதே அவரது வாழ்விலிருந்து நாம் அறிய வேண்டியது.

மன்னனை இழந்த தீவு

கியூஷூத் தீவுக்கும் தைவானுக்கும் இடையே சங்கிலி போலக் கிடக்கும் ரியூக்கியூத் தீவுகளுள் பெரியது ஒக்கினாவா. 15ஆம் நூற்றாண்டு முதல், ஷூரியைத் தலைநகராகக் கொண்டு அங்கே ஒரு முடியரசு நிலவியது. சீனப் பேரரசுக்குத் திறை செலுத்தி, அதன் பயனாகக் கடல் வாணிபத்தில் செழித்த அரசு அது. 1609இல் யப்பானின் தென்பகுதியான சற்சுமாவின் படைகள் தீவின்மீது படையெடுத்தன. அதன் பின்னரும் மன்னர் ஆண்டார். எனினும் ஒருபுறம் சீனம், மறுபுறம் சற்சுமா என இரு எசமானர்களுக்கு அடங்கியே ஆள வேண்டியிருந்தது.

ஃபுனாகோஷி 1868இல் ஷூரியில் பிறந்தார். யப்பானில் மெய்ஜி ஆட்சி தொடங்கிய அதே ஆண்டு அது. குறைமாதப் பிள்ளையாகப் பிறந்த அவர் நெடுங்காலம் உயிர் வாழ்வார் என எவரும் நம்பவில்லை. தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் அவரை வளர்த்தெடுத்தனர். 1879 மார்ச் மாதத்தில் யப்பானிய அரசு படைவீரரையும் காவலரையும் அனுப்பி ஷூரிக் கோட்டையைத் தன்வசப்படுத்தியது. கடைசி மன்னரான ஷோ தாய் ரோக்கியோவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அரசு ஒரு மாவட்டமாயிற்று. அரச சேவையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பலவும் தம் வருவாயையும் மதிப்பையும் இழந்தன. ஃபுனாகோஷியின் குடும்பமும் அவ்வகுப்பினரின் கீழ்ப்படியில் இருந்த ஒன்று.

அக்காலத்தில் ஒக்கினாவா மக்களை இரண்டாகப் பிளந்த பொருள் குடுமி. ரியூக்கியூ ஆடவர் தலையில் முடிந்த குடுமி, அவர்களது குடிப்பிறப்பின் அடையாளம். புதிய அரசோ குடுமியைப் பழைமையின் சின்னமாகக் கருதியது. மாற்றத்தை ஏற்றோர் ஓர் அணியாகவும், ஏற்க மறுத்தோர் மற்றோர் அணியாகவும் நின்றனர். மறுத்தோருட் பலர், சீனம் என்றேனும் வந்து தம்மை மீட்கும் எனக் காத்திருந்தனர். ஃபுனாகோஷியின் குடும்பம் இவ்வணியைச் சேர்ந்தது.

இளைஞர் ஃபுனாகோஷி மருத்துவம் பயில விரும்பினார். நுழைவுத் தேர்விலும் தேறினார். ஆனால் குடுமி வைத்தோருக்கு மருத்துவக் கல்லூரியில் இடமில்லை. குடும்பத்தாரின் சொல்லை மீற மனமின்றி அவர் அவ்வாய்ப்பைத் துறந்தார். 1888இல் உதவி ஆசிரியர் பதவி கிடைத்தபோது அதே நிபந்தனை மீண்டும் எதிரே வந்தது. இம்முறை குடுமியைக் களைந்தார். ஆசிரியரின் சீருடையும் கத்தரித்த தலையுமாக வீடு வந்த மகனைக் கண்டு தந்தை சினந்தார். தாயார் பின்வாசல் வழியே வெளியேறித் தம் பிறந்தகம் சென்றுவிட்டார். பிழைப்புக்காக அடையாளமொன்றைக் களைந்த அந்த இளைஞரின் மனநிலையையும், அதைக் கண்டு பொறுக்காத பெற்றோரின் மனநிலையையும் இந்நாளிதழின் வாசகருக்கு விளக்கிக் கூறத் தேவையில்லை.

விளக்கொளியில் கற்ற கலை

அக்காலத்தில் கராத்தே வெளிப்படையாகப் பயிலப்படவில்லை. பயிற்சிக் கூடமோ, பட்டியோ, சான்றிதழோ, கட்டண வகுப்போ இருக்கவில்லை. ஆசான் தம் வீட்டு முற்றத்தில், இருளில், தாம் நம்பிய ஓரிருவருக்கு மட்டும் கற்பித்தார். ஃபுனாகோஷியின் பாடசாலைத் தோழன் ஒருவனின் தந்தை அங்கோ அசாத்தோ. உயர்குடியில் பிறந்தவர், கராத்தேயுடன் வாட்போர், குதிரையேற்றம், இலக்கியம் ஆகியவற்றிலும் தேர்ந்தவர். நோஞ்சான் பிள்ளையாக அவரிடம் சென்ற ஃபுனாகோஷி பின்னர் அவரது நண்பரான அங்கோ இத்தோசுவிடமும் பயின்றார்.

கத்தா எனப்படுவது, கற்பனையான எதிரிகளை எண்ணி நிகழ்த்தும் வரன்முறையான அசைவுத் தொடர். கராத்தேயின் உயிர் அதுவே என்பர். அசாத்தோ ஒரே கத்தாவை மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், மீண்டும் மீண்டும் செய்யப் பணிப்பார். தாம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பார்த்திருப்பார். மனநிறைவு கொண்டாலும் ஒரு சொல்லுக்கு மேற் பாராட்ட மாட்டார். நள்ளிரவு கடந்து, கையில் ஒரு விளக்குடன் தனியே வீடு திரும்பும் இளம் ஆசிரியரைக் கண்ட அயலவர், அவர் பரத்தையர் தெருவுக்குச் சென்று வருவதாகவே ஐயுற்றனர். கலையின் மறைவைக் காக்க வேண்டியிருந்தமையால் அவ்வவச்சொல்லை மறுக்கவும் அவரால் இயலவில்லை.

ஆசிரியத் தொழிலில் வருவாய் சொற்பம். தொடக்கத்தில் மாதம் 3 யென் சம்பளத்தில் ஏறக்குறைய பத்துப் பேரைக் கொண்ட குடும்பம் வாழ வேண்டியிருந்தது. அவரது மனைவியார் பகலில் காய்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, இரவில் துணி நெய்து, வீட்டைத் தாங்கினார். கணவரின் பயிற்சியைக் கண்டும் கேட்டும் தாமும் கராத்தே பழகிக்கொண்டார். அயலில் சச்சரவு எழுந்தால் அதைத் தீர்த்துவைக்க அழைக்கப்படுபவரும் அவரே. தொலைதூரத் தீவொன்றிற்கு அதிபராகச் செல்லும் பதவி உயர்வு ஃபுனாகோஷிக்கு வந்தபோது, தம் ஆசான்களை விட்டுப் பிரிய மனமின்றி அதனை அவர் மறுத்தார். மனைவியார் குறை கூறவில்லை.

கலையை மறைவிலிருந்து வெளியே கொணர்ந்தவர் இத்தோசு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரது முயற்சியால் கராத்தே ஒக்கினாவாப் பாடசாலைகளில் உடற்பயிற்சியாக இடம்பெற்றது. சிறுவருக்கென ஐந்து எளிய கத்தாக்களை அவர் வகுத்தார். தனியொருவருக்குக் காதோடு காதாகச் சொல்லப்பட்டது, வரிசையில் நிற்கும் நூறு பேருக்கு உரியதாயிற்று. கராத்தே ஒரு சமூகமாகத் திரண்டதன் தொடக்கம் இதுவே. 1921 மார்ச் 6ஆம் நாள், ஐரோப்பா செல்லும் வழியில் ஒக்கினாவாவில் இறங்கிய பட்டத்து இளவரசர் ஹிரோஹித்தோவின் முன்னிலையில், ஷூரிக் கோட்டையின் பெருமண்டபத்தில் மாணவர் நிகழ்த்திய கராத்தேக் காட்சிக்கு ஃபுனாகோஷி தலைமை தாங்கினார். மன்னன் இருந்த மண்டபத்தில், அம்மன்னனை அகற்றிய அரச வம்சத்தின் வாரிசுக்கு முன்னே, அத்தீவின் கலை நிகழ்த்தப்பட்டது. வரலாற்றின் இம்முரணை அங்கு நின்றோர் உணர்ந்திருப்பர். எனினும் கலைக்கு வாசல் திறந்தது அவ்வழியேதான்.

ரோக்கியோவில் ஒரு சிறு அறை

1922இல் யப்பானியக் கல்வி அமைச்சு ரோக்கியோவில் உடற்பயிற்சிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதில் கராத்தேயை அறிமுகம் செய்ய ஒக்கினாவா தேர்ந்தனுப்பியவர் ஃபுனாகோஷி. அவரைக் காட்டிலும் வலிமை மிக்க வீரர் தீவில் இருந்தனர். ஆனால் தலைநகரத்தார் பேசும் யப்பானிய மொழியில் தெளிவாக எடுத்துரைக்க வல்ல ஆசிரியர் அவர். சிறிய மக்களின் கலை, பெரிய மக்களின் மொழியில் தன்னை விளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒக்கினாவாப் பாடசாலைகளில் தாய்மொழி பேசிய சிறுவரின் கழுத்தில் தண்டனையாக மரத்தகடு தொங்கவிடப்பட்ட காலம் அது.

கண்காட்சி முடிந்து ஊர் திரும்ப ஆயத்தமானவரை ஜூடோவின் தந்தையான ஜிகோரோ கானோ தமது கோடோக்கான் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்தார். ரோக்கியோவில் மாணவராயிருந்த ஒக்கினாவாவைச் சேர்ந்த ஷின்கின் கிமாவின் துணையுடன் ஃபுனாகோஷி அங்கே கத்தாக்களை நிகழ்த்திக் காட்டினார். கானோ அக்கலையை மதித்து, அவரைத் தங்கிக் கற்பிக்குமாறு கேட்டுக்கொண்டார். ஓவியர் ஹோவான் கொசுகியும் தமக்கும் தம் நண்பர்களுக்கும் கற்பிக்குமாறு வேண்டினார். ஃபுனாகோஷி தங்கிவிட முடிவு செய்தார். மனைவியாரோ ஒக்கினாவாவிலேயே தங்கினார். மூதாதையரின் கல்லறைகளைப் பேணுவது அவ்வூர் மரபில் குடும்பத்தின் தலையாய கடமை. அதை விட்டு வர அவர் உடன்படவில்லை. அப்பிரிவு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் என இருவரும் அன்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ரோக்கியோவில் அவருக்குக் கிடைத்த புகலிடம், ஒக்கினாவா மாணவர்களுக்கான மெய்செய் ஜுக்கு என்னும் விடுதி. அதன் வாயிலருகே ஒரு சிறு அறை. பகலில் மாணவர் பாடங்களுக்குச் சென்றபின் விடுதியின் விரிவுரை மண்டபம் ஒழியும். அங்கே கராத்தே கற்பித்தார். மாணவர் மிகச் சிலர், வருவாய் போதாது. எனவே விடுதியின் காவலாளியாகவும் தோட்டக்காரராகவும் துப்புரவாளராகவும் அவரே பணியாற்றினார். விடுதிச் சமையற்காரருக்குக் கராத்தே கற்றுக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தமது சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டார். கையில் ஏதுமில்லாத ஒரு நாளில் தமது பழைய தொப்பியையும், ஊரில் நெய்த கிமோனோ ஒன்றையும் அடைவு வைக்கச் சென்றார். அவற்றின் பெறுமதிக்கு மேலாகவே கடைப் பணியாளர் பணம் கொடுத்தார். அவரது தம்பி ஃபுனாகோஷியிடம் கராத்தே பயில்பவர் என்பது பின்னரே தெரிந்தது.

ஒரு நாள் பத்திரிகையாளர் ஒருவர் கராத்தே ஆசானைப் பேட்டி காண விடுதிக்கு வந்தார். முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த முதியவரைப் பணியாள் எனக் கருதி, ஆசான் எங்கே என வினவினார். சற்றுப் பொறுங்கள் எனக் கூறி உள்ளே சென்ற முதியவர், உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, ஃபுனாகோஷி தாமே என அறிமுகம் செய்தாராம். இதனை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையாகவே எழுதியுள்ளார். ஊரில் மதிக்கப்பட்ட தொழில் புரிந்து, அந்நிய நகரில் துடைப்பத்தை ஏந்தியவர் எமக்குள்ளும் எத்தனையோ பேர். ஃபுனாகோஷி அதை இழிவாகக் கருதவில்லை. அறையைச் சுத்தம் செய்வதும் கத்தா பயில்வதும் ஒரே பயிற்சியின் இரு பகுதிகள் என அவர் கொண்டார். இன்றும் கராத்தே வகுப்பின் இறுதியில் மாணவர் தாமே தரையைத் துடைக்கும் வழக்கம் பல கூடங்களில் உண்டு.

1923 செப்ரெம்பர் 1ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் ரோக்கியோவையும் யொக்கோஹாமாவையும் அழித்தன. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாணவருட் சிலரை ஃபுனாகோஷி இழந்தார். முந்திய ஆண்டில் வெளிவந்திருந்த அவரது முதல் நூலின் அச்சுத் தகடுகள் எரிந்து போயின. எஞ்சியவர்களுடன் சேர்ந்து, வீடிழந்தோருக்கு உணவு வழங்குவதிலும் இடிபாடுகளை அகற்றுவதிலும் அவர் ஈடுபட்டார். பின்னர் வயிற்றுப்பாட்டுக்காக ஒரு வங்கியில் படியெடுக்கும் தாள் வெட்டும் வேலையைச் செய்தார். விடுதி மண்டபம் பழுதுற்றிருந்த அக்காலத்தில், வாட்போர் ஆசானான ஹிரோமிச்சி நாக்கயாமா தமது கூடத்தை ஓய்வு வேளைகளில் பயன்படுத்த இடமளித்தார். வேறொரு கலையைச் சேர்ந்தவரின் இப்பெருந்தன்மையை ஃபுனாகோஷி என்றும் மறக்கவில்லை.

பெயர் மாறிய கலை

1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் முதலாவது கராத்தே மன்றம் உருவாயிற்று. தொடர்ந்து ரோக்கியோ, வசேதா, தக்குஷோக்கு, ஹோசெய் முதலிய பல்கலைக்கழகங்களிலும் மன்றங்கள் எழுந்தன. அதே ஆண்டு ஏப்ரலில், கானோவின் ஜூடோவில் வழங்கிய தர முறையைப் பின்பற்றி, ஃபுனாகோஷி தம் மாணவர் சிலருக்கு முதன்முறையாகக் கறுப்புப் பட்டித் தரங்களை வழங்கினார். ஊரில் இல்லாத முறை அது. சீரான வெண்ணிற உடையும் ஜூடோவிலிருந்தே வந்தது. பட்டம் பெற்று மாகாணங்களுக்குத் திரும்பிய மாணவர் ஆங்காங்கே புதிய குழுக்களை அமைத்தனர். மூத்தோர் இளையோருக்குக் கற்பிப்பதும், இளையோர் மூத்தோரைப் பணிவதும், சேர்ந்து உண்பதும், ஆசானின் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொள்வதும் அவர்களிடையே வழக்கமாயின.

இக்காலத்தில்தான் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. கராத்தே என்னும் சொல்லின் முற்பகுதி, சீனத்தின் தாங் பேரரசைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்பட்டு வந்தது. சீனக் கை என்பது அதன் பொருள். அதே ஒலியுடைய வேறோர் எழுத்து வெறுமையைக் குறிக்கும். ஒக்கினாவா ஆசான் சோமோ ஹனாஷிரோ 1905லேயே இவ்வெழுத்தைப் பயன்படுத்தியிருந்தார். 1929 அளவில் கெய்யோ மன்றத்தாரும், 1935இல் வெளிவந்த தம் பெருநூலில் ஃபுனாகோஷியும் அதனை நிலைநிறுத்தினர். அன்றுமுதல் கராத்தே வெறுங்கைக் கலை ஆயிற்று. கத்தாக்களின் ஒக்கினாவாப் பெயர்களையும் சீனப் பெயர்களையும் நீக்கி யப்பானியப் பெயர்களைச் சூட்டினார். இத்தோசு வகுத்த பின்னான் என்னும் ஐந்தும் ஹெய்யான் ஆயின.

இம்மாற்றத்தை எவ்வாறு மதிப்பிடுவது? ஃபுனாகோஷி கூறிய நியாயம், ஆயுதமற்ற கையையும் தன்னலம் அகன்ற மனத்தையும் அவ்வெழுத்து ஒருங்கே குறிக்கும் என்பது. அது பொய்யன்று. ஆனால் 1931இல் மஞ்சூரியாவை ஆக்கிரமித்து, 1937இல் சீனத்துடன் முழுப்போரில் இறங்கிய நாட்டில், சீனத்தின் பெயரைத் தாங்கிய கலை தழைத்திருக்க முடியாது என்பதும் உண்மை. ஒக்கினாவாவில் எதிர்ப்பு எழுந்தது. யப்பானில் வாழ்ந்த மற்றொரு ஒக்கினாவா ஆசானான சோக்கி மொத்தோபு, ஃபுனாகோஷியிடம் இருப்பது வெறும் புறத்தோற்றமே எனச் சாடினார். எனினும் 1936 ஒக்ரோபர் 25ஆம் நாள் நாஹா நகரில் கூடிய ஒக்கினாவா ஆசான்களும் ஈற்றில் புதிய எழுத்தையே ஏற்றனர்.

குடுமியைக் களைந்த இளைஞரே இங்கும் தெரிகிறார். வாசலில் நிறுத்தும் அடையாளத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, உள்ளே சென்றபின் தாம் கொணர்ந்ததைக் காப்பது அவர் வழி. அதற்கு விலை உண்டு. இன்று கராத்தே பயிலும் இலட்சக்கணக்கானோருக்கு அது ரியூக்கியூவின் கலை என்பது தெரியாது. அவ்விலையைக் கொடாதிருந்தால் அக்கலை அவர்களை வந்தடைந்திருக்குமா என்பதும் எளிதில் விடை கூறக்கூடிய கேள்வியன்று.

கட்டியதும் எரிந்ததும்

1930களின் பிற்பாதியில், மாணவரும் பழைய மாணவரும் நாடெங்கும் பொருள் திரட்டி, ரோக்கியோவின் சோஷிகாயாப் பகுதியில் ஆசானுக்கென ஒரு பயிற்சிக் கூடத்தை எழுப்பினர். ஏறத்தாழ எழுபது வயதுவரை ஒழிந்த மண்டபங்களிலும் பிறர் கூடங்களிலும் கற்பித்தவருக்கு முதன்முறையாக நிலையான இடம் வாய்த்தது. அதன் வாயிலில் ஷோத்தோக்கான் என்ற பெயர்ப்பலகை தொங்கியது. ஷோத்தோ என்பது கவிதை எழுதும்போது ஃபுனாகோஷி பூண்ட புனைபெயர். காற்றில் அசையும் பைன் மரங்களின் அலையோசை என்பது அதன் பொருள். ஷூரியின் அருகே, இளமையில் அவர் தனியே உலாவிய குன்றின் மரங்கள் எழுப்பிய ஓசை அது. கலையின் பெயரிலிருந்தும் கத்தாக்களின் பெயர்களிலிருந்தும் ஊரை அகற்றியவரின் கூடத்து வாயிலில், ஊரின் ஓசை பெயராக நின்றது. இன்று உலகெங்கும் அவரது மரபு ஷோத்தோக்கான் என்றே வழங்குகிறது.

அக்கூடம் சில ஆண்டுகளே நிலைத்தது. போர் மூண்டது. படைக்கு அழைக்கப்பட்ட மாணவர் ஒவ்வொருவராக வந்து ஆசானிடம் விடைபெற்றுச் சென்றனர். அவர்களுட் பலர் திரும்பி வரவில்லை. போர் தொடுத்த அரசுக்கு எதிராக அவர் குரல் எழுப்பவில்லை; அக்காலத்தில் கராத்தே இராணுவப் பயிற்சியிலும் புகுந்தது. முந்திக்கொண்டு கை ஓங்குவது கராத்தே கற்றவனுக்கு அடாது எனக் கற்பித்த ஆசானின் மாணவர்கள், முந்திக்கொண்டு கை ஓங்கிய பேரரசின் படையில் மடிந்தனர். அவரது வாழ்வை எழுதுவோர் இதைக் கடந்து செல்ல முடியாது.

1945 அவருக்கு எல்லாவற்றையும் பறித்த ஆண்டு. அவ்வாண்டின் வசந்த காலத்தில் குண்டுவீச்சில் ஷோத்தோக்கான் எரிந்தது. ஏப்ரல் முதல் யூன் வரை ஒக்கினாவாவில் நிகழ்ந்த சமரில் தீவு மக்களுள் ஏறத்தாழ நாலில் ஒருவர் மாண்டனர் எனக் கணிக்கப்படுகிறது. யப்பானியப் படை தன் தலைமையகத்தை நிலக்கீழே அமைத்திருந்த ஷூரிக் கோட்டை தரைமட்டமாயிற்று. அவ்வாண்டின் இறுதியில், தமக்குப்பின் கலையை முன்னெடுப்பார் என நம்பியிருந்த மூன்றாவது மகன் கிகோ, நீண்டநாட் கசநோயால் இறந்தார்.

ஒக்கினாவாவை விட்டு ஏதிலியாக வெளியேற்றப்பட்ட மனைவியார் கியூஷூத் தீவின் ஒயிட்டா பகுதியை அடைந்திருந்தார். ஃபுனாகோஷி அவரிடம் சென்றார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிரிவின்பின் கணவனும் மனைவியும் மீண்டும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தது இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் ஊரில். காய்கறி பயிரிட்டும் கடற்பாசி பொறுக்கியும் காலம் கழித்தனர். 1947இல் மனைவியார் காலமானார். அவரது அஸ்தியுடன் ரோக்கியோ நோக்கிப் புகையிரதத்தில் திரும்பிய முதியவரை, வழியிலுள்ள நிலையங்களில் பழைய மாணவர்கள் வந்து நின்று வணங்கித் துக்கம் பகிர்ந்தனர். நாடே பசியில் வாடிய காலம் அது. கூடம் எரிந்துவிட்டது, கலை சிதறிவிட்டது என எண்ணியிருந்தவருக்கு, அவர் கட்டியது மரத்தாலான ஒரு கட்டடத்தை மட்டுமன்று என்பதை அந்நிலையங்கள் உணர்த்தியிருக்க வேண்டும்.

சவப்பெட்டியின் இருமருங்கும்

1949 மே மாதத்தில் யப்பான் கராத்தே சங்கம் அமைக்கப்பட்டது. எண்பது வயதைத் தாண்டிய ஃபுனாகோஷி அதன் மதிப்புறு தலைவராக வைக்கப்பட்டார். மூத்த மகனின் வீட்டிலிருந்து கூடங்களுக்குச் சென்று தொடர்ந்து கற்பித்து வந்தார். அக்காலத்து நிகழ்வொன்று அவரது குணத்தைக் காட்டும். கவியரங்கொன்றிலிருந்து இரவில் தனியே திரும்பியவரை ஒருவன் வழிமறித்தான். அவன் ஓங்கிய அடியிலிருந்து விலகி, அவனைப் பிடித்து நிறுத்திய முதியவர், தற்செயலாக வந்த காவலரிடம் அவனை ஒப்படைத்தார். ஊரார் போற்றக்கூடிய செயல். அவரோ பின்னர் அதற்காக வெட்கினார். போரிலிருந்து மீண்டு, வேலையற்று, பசியால் அவன் அச்செயலில் இறங்கியிருக்கலாம் என எண்ணி வருந்தினார். பயன்படுத்த நேராதிருப்பதே கலையின் வெற்றி என்பது அவர் கொள்கை.

போட்டிகளையும் அவர் விரும்பவில்லை. யாரை யார் வென்றார் என்ற கணக்கு நுழைந்தால் கலை தேய்ந்துவிடும் என அஞ்சினார். இளையோரோ மோதலில் திறமையைச் சோதிக்க விழைந்தனர். தரம் வழங்கும் உரிமை யாருக்கு, கட்டணம் யாருக்கு, ஆசானின் உண்மையான வழியினர் யார் என்னும் பிணக்குகளும் சேர்ந்தன. யப்பான் கராத்தே சங்கத்தார் ஒருபுறமும், அவரது பழைய மாணவரின் ஷோத்தோக்காய் என்னும் அமைப்பினர் மறுபுறமும் ஆயினர். 1957 ஏப்ரல் 26ஆம் நாள் ஆசான் இறந்தபோது, இறுதிச் சடங்கை நடத்துவது யார் என்பதிலேயே இருதரப்பும் முரண்பட்டன. குடும்பத்தார் அப்பொறுப்பை ஷோத்தோக்காய் அமைப்பினரிடம் அளிக்க, சங்கத்தைச் சார்ந்தோர் விலகி நின்றனர். ஆறு மாதங்கள் கழித்து, அதே ஆண்டு ஒக்ரோபரில், சங்கம் தனது முதலாவது அகில யப்பான் போட்டியை நடத்தியது.

ஓர் ஆசானின் உடலை முன்னே வைத்துக்கொண்டு அவரது மாணவர் பிரிந்து நின்ற இக்காட்சி எம்மவர்க்குப் புதியதன்று. புலம்பெயர்ந்த மண்ணில் நாம் அமைத்த சங்கங்களும் பாடசாலைகளும் ஆலயங்களும் இவ்வாறே இரண்டாகவும் நான்காகவும் உடைந்ததைக் கண்டிருக்கிறோம். பிரிந்தோர் ஒவ்வொருவரும் தாமே மூலத்தைக் காப்பதாகக் கூறுவர். பெரும்பாலும் அது முழுப் பொய்யாகவும் இராது. ஃபுனாகோஷியின் மரபில் நிகழ்ந்த ஒன்றை மட்டும் இங்கே கூறலாம். இருதரப்பினரும் பிணக்கின் நடுவிலும் பயிற்சியை விடவில்லை. மறுநாள் காலையிலும் கூடங்கள் திறக்கப்பட்டன, தரை துடைக்கப்பட்டது, அதே கத்தாக்கள் இரு இடங்களிலும் செய்யப்பட்டன. பெயர்ப்பலகைகள் இரண்டாயின, வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியும் பயிற்சி இருபுறமும் நிலைத்தது.

1968இல், அவர் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைந்த வேளையில், கமக்குராவிலுள்ள எங்காக்குஜி என்னும் பௌத்த மடாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. முதலில் கை ஓங்கலாகாது என்ற அவரது நெறி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அப்போதும் ஒக்கினாவா அமெரிக்க ஆட்சியின் கீழேயே இருந்தது. 1972 மே மாதத்தில்தான் அது மீண்டும் யப்பானின் மாவட்டமாயிற்று. ஷூரிக் கோட்டையின் பெருமண்டபம் 1992இல் மீள எழுப்பப்பட்டு, 2019 ஒக்ரோபரில் தீக்கிரையாகி, மறுபடியும் கட்டும் பணி தொடங்கப்பட்டது. ஒக்கினாவாவோ ஒக்ரோபர் 25ஆம் நாளைக் கராத்தே நாளாக 2005இல் அறிவித்துக் கொண்டாடி வருகிறது. கலை தனது என்று உலகுக்கு நினைவூட்ட அத்தீவு இன்றும் உழைக்கிறது.

2021இல் ரோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் விளையாட்டுகளில் கராத்தே முதன்முறையாக இடம்பெற்றது. ஃபுனாகோஷி அந்நகரில் வந்திறங்கி 99 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆடவர் கத்தாப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றவர் ரியோ கியூனா. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதலாவது ஒக்கினாவாவினர் அவரே. அவர் பயின்றது ஃபுனாகோஷியின் மரபன்று. தீவிலேயே தங்கி வளர்ந்த வேறொரு மரபு. ஊரை விட்டுச் சென்றவர் தலைநகரில் திறந்து வைத்த வாசலினூடாக, ஊரில் இருந்து காத்தவர்களின் கலை ஒரு நாள் நுழைந்தது. பதக்க மேடையில் ஏறிய அந்த ஒக்கினாவா இளைஞர் தம்மோடு கொண்டுசென்றது மறைந்த தாயாரின் படம்.